தடம் மறையும் நேரம்

...எலாஸ்டிக் தடம்தான், சந்தேகமே இல்லை, இடுப்பைச் சுற்றிப் பொடிப்பொடிப் பல்லாக, தோளில் இரண்டு பட்டை, கணுக்காலில் காலுறையின் வளையம், கணவர் எடுக்கும் புகைப்படங்களைப் பன்னிரண்டு வருஷமாகக் கணினியில் டச்சப் செய்கிறவள் கண்ணுக்கு இதுகூடவா தெரியாது, ஆனால் அவர் படத்தில் எப்படி... ஆடையில்லாத உடம்பு வேறு, ஆடையை அவிழ்த்த உடம்பு வேறு என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர் ஆயிற்றே, நூறு வருஷத்துக்கு முந்தைய கண்ணாடித் தகட்டுப் படங்களைப் போட்டுக் காட்டி, பாருங்கள், இந்தப் பெண்ணின் இடுப்பில் கச்சை இறுக்கிய கோடு, இந்தக் கோடு இருக்கிறவரை இது கலை இல்லை, யாரோ எட்டிப் பார்த்த படம் என்பார், கைதட்டல் பறக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும்தான் கை சிவக்கத் தட்டியிருக்கிறாள்.

அதற்காகத்தானே இரண்டு மணி நேரச் சட்டம், மாடல் யாராக இருந்தாலும் வந்ததும் தொளதொள அங்கிக்கு மாறி, தடமெல்லாம் மறைகிறவரை சும்மா உட்கார வேண்டும், அந்த இரண்டு மணி நேரமும் அவள் பொறுப்பு, டீ போட்டுக் கொடுத்து, ஊர்வம்பு பேசி, கூச்சத்தைப் போக்கி... இந்தப் படத்தில் இருக்கும் நடன ஆசிரியைகூட நாற்பதை நெருங்குகிறவள், இரண்டு முறை அப்படி உட்கார்ந்து போனவள், வாய் நிறைய அக்கா அக்கா என்பாள். ஒருமுறை ஒரு பெண் இறுக்கமான ஜீன்ஸில் தாமதமாக வந்தாள் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு வாரம் முழுக்க முணுமுணுத்த மனிதர், போன ஞாயிற்றுக்கிழமை மட்டும்... அன்றைக்கு அவள் இல்லை, முழங்கால் ஆபரேஷன் முடிந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள், நீ நிதானமா வா, இங்க நான் பார்த்துக்கறேன் என்று பழம்கூட வாங்கிக் கையில் கொடுத்தார், அக்கா மேல் என்ன திடீர்ப் பாசம் என்று அவள் பூரித்துப் போனாளே, மடச்சி.

திரையில் தடங்களை அழிக்கும் டிஜிட்டல் பேனா தோளைத் தாண்டி இடுப்புக்கு வந்திருந்தது. அவசரம் அவசரமாக வந்திருப்பாளோ, வெளிச்சம் போய்விடும் என்று அவரே விதியைத் தளர்த்தியிருப்பாரோ, இருக்கலாம், ஆனால் இந்தச் சிரிப்பு... மாடல்கள் கேமராவுக்கு முன்னால் இப்படிச் சிரிக்க மாட்டார்கள், முகத்தைத் திருப்பச் சொன்னால் திருப்புவார்கள், அவ்வளவுதான், இது தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. படமெடுக்க அவிழ்த்தது இல்லை, அவிழ்த்த பிறகு நினைவு வந்து எடுத்த படம். செய்ததுதான் செய்தாய், அதைப் பூசி மெழுகுகிற வேலையையும் என் தலையிலேயே கட்டுவாயா, இவள் எங்கே கவனிக்கப் போகிறாள் என்ற நினைப்பா, கவனித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள் என்ற தைரியமா, இரண்டில் எது கேவலம்?

"என்னம்மா, முடிஞ்சுதா? நாளைக்கே கண்காட்சிக்கு அனுப்பணும்." நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டான்ஸ் டீச்சர் அன்னிக்கு லேட்டா வந்தாங்களாங்க?" பேனாவை நிறுத்தாமலே கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன், அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறேன்...

"லேட்டா? பத்து மணிக்கே வந்துட்டாங்க. வழக்கம்போல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுதானே எடுத்தேன்." குனிந்து திரையைத் தொட்டுக் காட்டினார். "நீயே பாரேன், எங்கயாவது ஒரு கோடு இருக்கா?"

இல்லை. தோளில் இல்லை, இடுப்பில் இல்லை, கணுக்காலில்கூட இல்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே கை மிச்சத்தையும் துடைத்து முடித்திருந்தது, அவர் பொய்க்கு அவளே சாட்சி எழுதிக் கொடுத்தாயிற்று. பிரமாதம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு விசையைத் தட்டினால் அழித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும், வந்தால் கூப்பிட்டுக் காட்டலாம், இது என்ன என்று கேட்கலாம், விரல் விசைக்கு மேலேயே நின்றது... தடமே வராத படங்கள் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள், அப்படியானால் பார்க்காமலே தடம் அழிக்கிற இந்தப் பழக்கம், இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு வேகமாக, அவள் கைக்கு எங்கிருந்து வந்தது?