முத்தம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

டாக்டர் ரகுபதி சீமையில் படித்துவிட்டு வந்தவர். கிண்டிக்கு அந்தப் பக்கம் இருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக, பெண்கள் வார்டின் கதவைப் பகலில் பூட்டக்கூடாது என்றார். நோயாளிகளைப் பாய் முடையச் சொன்னார், சமையலுக்குக் காய் நறுக்கச் சொன்னார். 'ஏய்' என்று அதட்டாமல் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வார்டு ஆயா லூயிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாள்மணையைப் பைத்தியங்களிடம் கொடுத்துவிட்டு இந்த மனுஷர் தன் அறைக்குப் போய்விடுவார், ரத்தம் துடைப்பது யார்? ஆனால் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதிலும் பதினைந்து வருஷமாக மூலையில் குந்திக்கிடந்த முத்தம்மா கத்தரிக்காய் நறுக்குகிற நறுவிசைப் பார்த்த பிறகு லூயிசா வாயை மூடிக்கொண்டாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். முத்தம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் வரட்டும், அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த மாதமே வீட்டோடு அனுப்பிவிடலாம் என்றார். மகன் தணிகாசலத்துக்கு எழுதிப்போட்டதில், கூட்டிக்கொண்டு வரும்படி பதில் வந்தது. துணைக்கு லூயிசா.

"ஆஸ்பத்திரித் துணியோட அனுப்பாதேம்மா. வீட்ல எப்படி இருந்தாளோ அப்படி அனுப்பு" என்றார் டாக்டர்.

லூயிசா சாந்தோம்காரி. ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்தால் அவளுக்குச் சோறு இறங்காது. தன் பெட்டியிலிருந்து சிவப்புச் சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்தாள். மயிலாப்பூர் குளத்தருகே கடையில் கண்ணாடி வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கினாள். யாராவது சுருக்குப் போட்டுக்கொள்வார்கள் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்றே பெண்களின் தாலியைக் கழற்றிவிடுவது வழக்கம். அதற்காக வெறும் கழுத்தோடு புருஷன் வாசலில் போய் நிற்கவா முடியும்? ஞாயிறு காலையில் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டி, பின்கழுத்தில் லூயிசாவே முடிச்சுப் போட்டாள். முத்தம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தாளு இன்னும் பீடி குடிச்சிக்கினு கீதோ, இன்னாவோ" என்றாள் வெட்கத்தோடு. அவள் தானாக வாய் திறந்து பேசி லூயிசா கேட்டது அன்றைக்குத்தான்.

ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்ற மருமகள் இவர்களைக் கண்டதும் உள்ளே ஓடினாள். நாத்தனார் சுப்பம்மா எதிரே வந்தாள். அவள் கண் முத்தம்மாவின் முகத்துக்குப் போகவே இல்லை, கழுத்திலேயே நின்றது.

"அடிப்பாவி! கழுத்துல இன்னாடி அது? என் தம்பி அம்மாசி செத்து மூணு வருசம் ஆவுதேடி!"

லூயிசா மகனின் பக்கம் திரும்பினாள். ரிக்ஷாவைத் துடைத்துக்கொண்டிருந்த தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். "நைனா செத்ததைச் சொன்னா பித்து இன்னும் ஏறிடும்னு பயந்துகினோம் ஆயாம்மா" என்றான்.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் கயிற்றோடு வாசற்படி மிதித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, ஆற்றங்கரையில் உட்காரவைத்து அறுத்து, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார்கள்.

"ஐயோ, அது நான் கட்டினதும்மா! கடையில வாங்கின வெறும் கயிறு. நானே கழட்டிடறேன்" என்று லூயிசா முன்னால் போனாள். முத்தம்மா அவள் கையை விலக்கினாள்.

"வோணாம் யக்கா. அறுக்கட்டும். அந்தாளுக்கு ஒரு பாட்டம் அழுதுட்டு நான் வூட்டுக்குள்ள போறேன்."

எவ்வளவு தெளிவான பேச்சு! டாக்டர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

ஆற்றோரம் உட்காரவைத்தார்கள். வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், கயிற்றை அறுத்தார்கள். சுப்பம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். முத்தம்மா மட்டும் முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது அங்கே லூயிசா ஒருத்திக்குத்தான் தெரியும். வார்டில் ஓங்கி அழுகிறவளை இருட்டு அறையில் போடுவார்கள். வந்த புதிதில் பிள்ளையை நினைத்து அழுது அழுது முத்தம்மா எத்தனை தடவை அதற்குள் போனாள்! சாவி லூயிசாவின் இடுப்பில்தான் இருந்தது. கதவைத் திறந்துவிடச் சொன்ன டாக்டருக்கும் சரி, திறந்துவிட்ட இவளுக்கும் சரி, இனிமேல் அழலாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"கட்டினவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல பாரு. இதுக்கு எங்க தெளிஞ்சிக்கீது?" என்றாள் சுப்பம்மா.

"அழுதா பூட்டிடுவோம், அந்த பயம்மா அவளுக்கு" என்று லூயிசா ஒவ்வொருத்தியிடமும் மன்றாடிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள்? குடிசைக்குள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. "என் புள்ளைய இந்தம்மா இருக்கற வூட்ல பெத்துக்க மாட்டேன். எங்கம்மா வூட்டுக்குப் பூடறேன்."

தணிகாசலம் உள்ளே பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு ரிக்ஷாவைத் திருப்பி நிறுத்தினான். முத்தம்மா அந்தப் படியை மிதிக்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் முத்தம்மா லூயிசாவின் காதோரம் குனிந்தாள்.

"யக்கா, இப்ப அழுவலாமா? ரூமுல போட மாட்டியே?"

லூயிசா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழுடி என் கண்ணு. வாய்விட்டு அழு. எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்."

வண்டி இழுத்துக்கொண்டிருந்தவனின் கால்கள் நின்றன. அவன் திரும்பவில்லை. முத்தம்மா மகனின் முதுகையே பார்த்தாள். அது குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"வோணாம் யக்கா" என்றாள் மெதுவாக. "புள்ள பயந்துக்குவான்."

தணிகாசலம் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிண்டியைப் பார்த்து வண்டியை இழுத்தான்.