வாலில் ஏறிய எடை

டுவேன் கோல்பெக்குக்குத் தன் மனைவி மார்லிஸ் மேல் ஒரே ஒரு மனக்குறைதான். அவள் போகிற இடத்துக்கு அவனால் கூடப் போக முடியவில்லை. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பாகங்களைச் சேர்த்துத் தன் கையாலேயே கட்டிய குட்டி விமானத்தில் ஞாயிறு காலை ஏறி உட்காருவாள். சுற்றுவட்டாரத்தில் எந்தப் புல்வெளி ஓடுதளத்தில் பான்கேக் விருந்து போட்டாலும் அங்கே போய் இறங்குவாள். டுவேன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும்போது, அங்கே அடுப்பை அணைத்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

விமானத்தில் இடம் இல்லாமல் இல்லை. முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. பின்னால் இருப்பது அவனுக்கென்றே போட்டது. மெத்தைத் துணிகூட அவன் கடையில் நின்று பொறுக்கி எடுத்ததுதான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன எஞ்சினுக்கு இரண்டு பேரைத் தூக்கத் தெம்பு போதவில்லை. அதிலும் டுவேனை ஒரு ஆள் என்று கணக்கு வைப்பதா? பால் டேங்கர் ஓட்டுகிறவன். போகிற பண்ணையில் எல்லாம் சீஸோ கேக்கோ எதையாவது கையில் திணித்து அனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்கிற வாய் அவனுக்கு அமையவில்லை.

பின் இருக்கையில் மார்லிஸ் ஒரு மணல் மூட்டையை வைத்து, வார் போட்டுக் கட்டி, எடையோடு பறந்து பார்ப்பாள். விமானம் கட்டுகிறவர்களின் சங்கத்து ஆட்கள் அந்த மூட்டைக்குச் சின்ன டுவேன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்னிக்குச் சின்ன டுவேன் வர்றாரா என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் அந்த மூட்டை மேல் அவனுக்குப் பொறாமைதான், வேறென்ன.

போன இலையுதிர்காலத்தில் மார்லிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிசாக ஒன்றைப் போடுவது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். எஞ்சின் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. விஸ்கான்சின் குளிர்காலம் முழுக்க, விமானம் நிறுத்தும் ஹேங்கர் கொட்டகைக்குள் ஒரு கணப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அதனோடு மல்லுக்கட்டினார்கள். புது எஞ்சின் கனம்; மூக்குப் பக்கம் பாரம் கூடிப்போகும். அதைச் சரிக்கட்ட, முன்னால் இருந்த பேட்டரியைக் கொண்டுபோய்ப் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். அதற்கு ஒரு தட்டு செய்தாள், நீளமாக ஒயர் இழுத்தாள், தட்டு பிடிக்கவில்லை என்று பிரித்துப்போட்டு மறுபடி செய்தாள். டுவேன் டார்ச் பிடித்தான், அவள் ரிவெட் ஆணி அடிக்கும்போது மறுபக்கம் இரும்புக்கட்டியால் அண்டை கொடுத்தான், விரல் நசுங்கினால் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டான்.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். விமானத்தை அவள் தயார் செய்வாள்; உடம்பை அவன் தயார் செய்ய வேண்டும். ஜூன் மாதம் எல்டர் கிரீக் ஓடுதளத்துப் பான்கேக் விருந்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போய் இறங்குவது.

அவள் தன் பங்கைச் செய்தாள். அவனும் செய்யாமல் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கேரட்டும் அவித்த கோழியுமாக ஆரம்பித்தான். ஆனால் பால் வண்டிக்காரன் கேரட்டைக் கடித்தே காலம் தள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள். வீட்டு ஃபிரிட்ஜ் மார்லிஸின் ஆட்சியில் இருந்தது. அதனால் ஹேங்கரில், பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு கித்தான் பையில் அவனுக்கென்று ஒரு சின்னக் கடையே இருந்தது. அவள் ஒயரோடு போராடும்போது, பெயின்டில் கலக்கத் தின்னர் எடுத்து வருகிறேன் என்று போவான். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். மெலிந்தான் என்பதும் உண்மை. ஆனால் நத்தை வேகத்தில்.

ஏப்ரல் கடைசியில் எடை போடும் நாள் வந்தது. இத்தனை மாற்றம் செய்த விமானத்தை மறுபடி எடை போட்டு, எங்கே எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டால்தான் பின்னால் எத்தனை கனத்து ஆளை ஏற்றலாம் என்று தெரியும். வால் பக்கம் பாரம் கூடினால் அது ஆளைக் கொன்றுவிடும். இந்த விஷயத்தில் மட்டும் சங்கத்தில் யாரும் விளையாட மாட்டார்கள். எடைமேடைகளைக் கொண்டு வருகிறவன் ரோலண்ட் ப்ரிபில், சங்கத்தின் பெரிய வாய். கணக்குப் போடுகிறவள் ஜோலீன், ஒல்லிக்குச்சி, உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர்.

முதல் நாள் சாயங்காலம் மார்லிஸ் விமானத்துக்குள் தலையை விட்டு, ஒரு திருகாணிகூடக் கிடக்காமல் பெருக்கி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அவள் போன பிறகு டுவேனுக்குப் பெயின்ட் அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. சங்கத்து ஆட்கள் ஒருவர் ஹேங்கருக்குள் இன்னொருவர் வந்தால் ஸ்பேனர் எங்கே, டேப் எங்கே என்று ஒரு அலமாரி விடாமல் திறந்து பார்ப்பார்கள். அது அவர்கள் பிறவிக்குணம். பெயின்ட் அலமாரியை ரோலண்ட் திறந்தால் அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிடும். பையை எங்கே வைப்பது? கை தானாக வாலுக்குப் போனது. காரணம் இருக்கிறது. இந்த விமானம் கட்டி முடிக்கிற வரைக்கும் அதன் வால் பகுதி நாலு வருஷம் அவர்கள் சாப்பாட்டு அறையில்தான் கிடந்தது. டுவேன் அதற்குள்தான் கையுறை வைப்பான், பழைய பேப்பர் வைப்பான், மீன்பிடிக்கும் சாமான் வைப்பான். அவன் மனசில் அது இன்னும் ஒரு அலமாரி. பின் இருக்கைக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கி, எட்டுகிற மட்டும் பையை உள்ளே தள்ளினான். எல்லாரும் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மறுநாள் காலை இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் மேடை வைத்தார்கள். வாலைத் தூக்கி ஒரு முக்காலி மேல் நிறுத்தி, அதற்கு அடியிலும் ஒன்றை வைத்தார்கள். உள்ளே காலியா என்று ரோலண்ட் கேட்டான். நேத்து நானே பெருக்கினேன் என்றாள் மார்லிஸ். ஜோலீன் மூன்று எண்ணையும் பார்த்தாள். கணக்குப் போட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள். மேடைகளை இடம் மாற்றி வைக்கச் சொல்லி மூன்றாம் முறையும் போட்டாள்.

"மார்லிஸ், வால் ரொம்பக் கனமா இருக்கு," என்றாள். "இந்தக் கணக்குப்படி பின்னாடி பன்னண்டு வயசுப் பொண்ணு வேணா ஏறலாம். டுவேன் ஏற முடியாது."

மார்லிஸ் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் போய் உட்கார்ந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க இழுத்த ஒயர், இரண்டு தடவை செய்த தட்டு, எல்லாம் வீண். பேட்டரியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். ரோலண்டுக்குக்கூட அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. மூக்கில் ஒரு ஈயக்கட்டியை போல்ட் போட்டு மாட்டிவிடலாம், வால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னான். ஆனால் ஈயத்தின் கனத்தையும் எஞ்சின்தானே தூக்க வேண்டும், அப்போதும் டுவேனுக்கு இடம் கிடைக்காது என்றாள் ஜோலீன்.

டுவேன் முகத்தில் ஈயாடவில்லை. பை அவன் கண்ணுக்குள் நின்றது. ராத்திரி சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். எடுத்தால்? இவர்கள் இல்லாத பாரத்துக்காக ஈயத்தை மாட்டியிருப்பார்கள். அப்புறம் மூக்கு கனத்துப்போன விமானத்தில் மார்லிஸ் தனியாகப் போய் இறங்குவாள், மூக்கு மண்ணில் குத்தும். எடுக்காமல் விட்டால் அதைவிட மோசம். வாயை மூடிக்கொண்டிருக்க எந்தப் பக்கமும் வழியில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஜோலீன், ஒன் கை நீளமா இருக்கும்," என்றான். "அந்தத் திரைக்குப் பின்னாடி கொஞ்சம் துழாவிப் பாரேன்."

ஜோலீன் உள்ளே ஏறிக் குப்புறப் படுத்துக் கையை விட்டாள். கித்தான் பை வெளியே வந்தது. அதை மேசை மேல் கவிழ்த்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு புகைபோட்ட சாசேஜ், செங்கல் கணக்காக இரண்டு செடார் சீஸ் கட்டி, ஊறுகாய் முட்டை நிறைந்த பெரிய கண்ணாடி ஜாடி, மத்தி மீன் டப்பா ஆறேழு, வேர்க்கடலை வெண்ணெய், பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட, பாதி தின்ற இனிப்பு ரொட்டி வளையம். ரோலண்ட் பையோடு எல்லாவற்றையும் ஒரு மேடையில் தூக்கி வைத்தான். இருபது பவுண்டுக்கு மேலேயே காட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மார்லிஸைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து வந்து சாசேஜைக் கையில் எடுத்தாள். "இது எங்க கெடந்துச்சு தெரியுமா? வாலை ஆட்டுற கேபிளுக்குப் பக்கத்துல," என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நான் இதோட ஏறிப் பறந்திருந்தா?"

"அதுக்குத்தான் சொல்லிட்டேன்," என்றான் டுவேன். "ஒன்னோட வரணும்னுதான் பட்டினி கெடந்தேன். பட்டினி கெடக்க முடியலன்னுதான் திருடித் தின்னேன். கேவலந்தான். என்ன வேணா சொல்லு."

மார்லிஸ் அவனையே பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று அவன் பதறிப்போய்க் கிட்டே போனால், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, ரோலண்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பேட்டரி சரியான இடத்துலதான்டா இருக்கு, என் பேட்டரி சரியான இடத்துலதான் இருக்கு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுபடி எடை போட்டார்கள். வால் எண் அவள் குளிர்காலத்தில் போட்டுவைத்த கணக்கோடு ஒட்டி நின்றது. அடுத்தது டுவேனை மேடையில் ஏற்றினார்கள். பின் இருக்கை தாங்குவதைவிட ஏழு பவுண்டு கூட இருந்தான். பூட்ஸைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான். பேன்ட்டில் கை வைத்தபோது ஜோலீன் போதும் என்று தடுத்துவிட்டாள். ஜூன் வரைக்கும் தவணை கொடுத்தார்கள்.

சங்கத்துக் கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. யார் எந்தப் பாகத்தைத் தப்பாகச் செய்து கெடுத்தாலும் அதை ஆணியடித்து, கீழே பெயரையும் எழுதி மாட்டிவிடுவார்கள். இரண்டுமே இடது பக்கத்துக்கென்று செய்த கதவுகள் அங்கே தொங்குகின்றன. அவை ரோலண்ட் செய்தவை. அன்றைக்கு அந்தச் சுவரில் காலியான கித்தான் பை ஏறியது. உள்ளே இருந்ததையெல்லாம் மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து காலி செய்தார்கள். டுவேன் கையில் ரோலண்ட் ஒரு கேரட்டைக் கொடுத்து, "நீயும் சாப்புடுய்யா, வெக்கப்படாத," என்றான்.

மே மாதம் முழுக்க டுவேன் ஓடுதளத்துப் புல்லை டிராக்டர் இல்லாமல் கையால் தள்ளும் இயந்திரத்தாலேயே வெட்டினான். பண்ணைகளில் நீட்டியதை எல்லாம் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்த மாதம் பண்ணைக்காரப் பெண்கள் அவனுக்கு என்னவோ நோய் என்று பேசிக்கொண்டார்கள். மாற்றம் செய்த விமானத்தில் யாரையும் ஏற்றுவதற்கு முன் சில மணி நேரம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். மார்லிஸ் அதையும் முடித்தாள்.

எல்டர் கிரீக் விருந்து நடந்த ஞாயிறன்று காலை டுவேன் எடைமேடையில் ஏறினான். எல்லைக்கு ஒரு பவுண்டு கீழே. மார்லிஸ் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, பின் இருக்கையின் வாரைத் தானே இழுத்துக் கட்டிவிட்டாள். அவன் முழங்கால் இரண்டும் அவள் இருக்கையின் முதுகில் முட்டின. எஞ்சின் பிடித்தது. புல் ஓடியது, குலுக்கியது, சட்டென்று குலுக்கல் நின்றது. கீழே பார்த்தால் ஹேங்கர் கூரை தெரிகிறது. ஐம்பத்தாறு வயசு மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஹோவென்று கத்தினான்.

கொஞ்ச தூரம் போனதும் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அவள் குரல் வந்தது.

"எடது பக்கம் பாரு. ஆறு ரெண்டாப் பிரியுதுல்ல, நடுவுல ஒரு திட்டு. அதுலதான் அந்த நாரை ஜோடி நிக்கும்னு சொன்னேன்ல."

"எப்ப சொன்ன?"

"போன வருஷம். இதே எடத்துலதான் சொன்னேன், டுவேன். நீதான் மறந்துட்ட."

"போன வருஷம் நான் கீழ ரோட்டுல இருந்தேன், மார்லிஸ்."

அவள் காதுக்குப் பின்னால் கழுத்து சிவந்து வருவது அவனுக்குத் தெரிந்தது.

"ஆமால்ல," என்றாள். "மேல வந்தா ஒன்கிட்டப் பேசிக்கிட்டேதான் போவேன். பழகிப்போச்சு. நீ இல்லங்கிறதே மறந்துபோகும்."

அவனுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தளும்பியது. இத்தனை வருஷம் அவள் தன்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் வண்டியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தான். கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தான்.

"திரும்பிப் போ," என்றான். "நம்ம வீட்டுலேருந்து ஆரம்பி. எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லு."

"பான்கேக்கு ஆறிடும்யா."

"ஆறட்டும்."

இடது இறக்கை தாழ்ந்தது. நாரைத் திட்டும் ஆறும் மெல்லச் சுழன்று பின்னால் போயின. வயல்களுக்கு மேல் வந்த வழியே திரும்பி, தங்கள் வீட்டுக்கு நேர் மேலே வந்ததும் மார்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அந்தா பாரு, கூரைல வடக்கு மூலை ஓடு பேந்து கெடக்கு," என்று ஆரம்பித்தாள். "மூணு வருஷமா ஒன்கிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ காதுலயே வாங்கல."