ஒற்றன் தேநீர் குடித்த படம்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், அந்த உளவு நாவலைக் கவுண்டருக்கு அடியில் ஒளித்துவைத்து மூன்று முறை படித்திருந்தாள். ரயில் கூரைமேல் நடக்கும் துரத்தலை மட்டும் தனியாக இன்னொரு முறை. அது படமாக வந்திருக்கிறது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவனைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவனுக்குத் தகடு அடிக்கும் பட்டறையில் வேலை. பட்டறை இரைச்சல் காதைப் பாதி தின்றுவிட்டது. கருவி மாட்டினாலும் பேச்சு சரியாகப் பிடிபடாது. கடைசியாகப் போன படத்தில், நிமிஷத்துக்கு ஒருதரம் அவளிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பின்வரிசைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். அன்றைக்கென்று அது மட்டும் அவனுக்குத் தெளிவாகக் காதில் விழுந்து தொலைத்தது. அதோடு சினிமா, சொந்தக்காரர் வீடு எல்லாம் நின்றுபோயிற்று. வீட்டிலும் எதற்கெடுத்தாலும் ஒரு 'ம்' மட்டும்தான். அந்த 'ம்' அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒரே ஒரு படம்ங்க. அடிதடிதான் நிறைய, பேச்சே கிடையாது" என்று அளந்துவிட்டு மதியக் காட்சிக்கு இழுத்து வந்தாள். பாதி பொய் பலித்துவிட்டது.

ஒற்றன் தேநீர் குடித்தான். ஒரு வார்த்தை பேசாமல் குடித்துக்கொண்டே இருந்தான். ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கே ஒருத்தி துணி மடித்தாள். ரயில் வந்தது, அதிலும் டிக்கெட் எடுத்த பயணியாட்டம் உட்கார்ந்துதான் போனான். கூரைப் பக்கம் ஒரு காக்காய்கூட இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இயக்குநர் நாவலைப் படித்தாரா, அட்டையை மட்டும் பார்த்தாரா? முன்வரிசையில் யாரோ நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

இடைவேளை விளக்கு எரிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் இன்னும் ஒருதரம்கூட "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். இருக்கை நுனியில் உட்கார்ந்து, வெறும் திரையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து பஸ் நிறுத்தம் வரை அவன் வாய் ஓயவில்லை.

"காட்டிக் கொடுத்தது அந்தத் துணி மடிக்கிறவதான்னு எனக்கு அப்பவே தெரியும். போலீஸ் கதவைத் தட்டினப்ப, மடிச்சு வச்ச சட்டையை எடுத்து மறுபடி மடிச்சா பாரு. அங்கேயே புடிச்சிட்டேன்."

மூன்று முறை படித்தவள் அதைக் கவனிக்கவே இல்லை. இவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. மனசுக்குள் அந்த இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் அவளுக்கு முன்னால் வந்து, அவள் உதடு தெரிகிறபடி நின்றான். "உனக்குப் புடிச்சுதா?"

"ரொம்ப. அடுத்த வாரமும் இதுக்கே வரலாம்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "பொய். உனக்குத் துளிகூடப் புடிக்கல."

"சரி, புடிக்கல. ஆனா வருவேன்."

"எதுக்கு?"

"திரும்பி வரும்போது நீங்க இப்படிப் பேசிட்டே வருவீங்கல்ல" என்று சொல்ல வந்தாள். பாதி வார்த்தை சத்தமே இல்லாமல் உதட்டோடு நின்றுவிட்டது.

அவன் "என்ன சொன்ன?" என்று கேட்கவில்லை.