கண்ணுக்குள் ஒரு குமிழி

அருவிச் சீசன் நேரம் பார்த்துத்தான் என் கணவர் பரீது சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பும்போது எங்கள் காரில் லாரி மோதியது. அவருக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. முன்சீட்டில் இருந்த மகள் ஹுஸ்னாவின் கண்களில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தன. இடது கண் அன்றே போயிற்று.

வலது கண்ணை மதுரையில் பார்த்தார்கள்.

"விழித்திரை பிய்ஞ்சிருக்கும்மா. சின்னப் பிள்ளைங்களுக்குக் கண்ணுக்குள்ள இருக்கிற கூழ் அதோட கெட்டியா ஒட்டியிருக்கும். இழுத்தா இன்னும் கிழியும். முதல்ல என்ஸைம் ஊசி போட்டு அந்த ஒட்டை இளக்கணும். அப்புறம்தான் கூழை எடுக்க முடியும்" என்றார் டாக்டர். அந்த என்ஸைமை என் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்தார்கள். பார்வை வரும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

அழுதால் கண் கெட்டுவிடும் என்று பயந்து, வாப்பா மவுத்தானதை ஹுஸ்னாவிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆண் இல்லையென்றால் வளைகுடாவில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

"லீவு முடிஞ்சிட்டுட்டி. ஒங்க வாப்பா போயிட்டான்" என்றார் மாமியார் சைதூன் பீவி. பெற்ற மகனைப் பறிகொடுத்தவர், குரல் நடுங்காமல் சொன்னார். என் காதும் கழுத்தும் வெறுமையாகக் கிடந்ததை ஹுஸ்னாவால் பார்க்க முடியவில்லை. நம்பிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்ததும், விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டிருந்தார்கள். அது கரையும்வரை குப்புறவே கிடக்க வேண்டும்.

"உம்மா, தொழுகையில கெடக்குற மாதிரி இவ்ளோ நேரம் சுஜூதுல கெடந்தா நான் தர்கா அவுலியா ஆயிருவேன்."

"வாயாடாம கெட."

"கட்டு அவுத்ததும் வாப்பாவ வீடியோ கால்ல காட்டுவியா?"

"காட்டுதேன்."

அதற்காகவே கிடந்தாள். கழுத்து வலித்து முனகியபோதும் தலையைத் திருப்பவில்லை.

குமிழி கரைந்த பிறகு டாக்டர் டார்ச் அடித்தார். வெளிச்சம் தெரியுது என்றாள். விரல்கள் தெரியவில்லை. விழித்திரை மறுபடியும் பிய்ந்து சுருங்கிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ஹுஸ்னா என் கையைத் தடவிப் பிடித்தாள்.

"வீடியோ வேண்டாம் உம்மா. எனக்குத்தான் தெரியாதுல்லா. வாப்பாவப் பேசச் சொல்லு, போதும்."

போனில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருந்தது. வேறு வழி தோன்றாமல் அதைப் போட்டேன்.

"ஹுஸ்னாக்குட்டி, சாப்ட்டியா? வாப்பா வரும்போது ஒனக்கு என்ன வாங்கிட்டு வரணும்? சொல்லு."

முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல அடங்கியது.

"இது பழசுல்லா" என்றாள். "நான் பொம்மை கேட்டேன். வாங்கிட்டு வந்தாவளே."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கதவருகில் நின்ற மாமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

இனிக் குப்புறப் படுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஹுஸ்னா தலையணையைத் தடவி எடுத்தாள். யாரும் சொல்லாமலே குப்புறப் படுத்துக்கொண்டாள்.