பச்சைப் புள்ளிகள்

மூத்தவளுக்கு ஆற்றுக் கல் மாதிரி ஒரு கிண்ணம் செய்துவிட வேண்டும் என்று ஆசை. மேலே சாயம் பூசுவதெல்லாம் ஏமாற்று வேலை; மண்ணுக்குள்ளேயே நிறம் ஓட வேண்டும். வெள்ளை மண், சாம்பல் மண், கறுப்பு மண் மூன்றையும் அடுக்கி, அரைகுறையாகப் பிசைந்து, கிண்ணமாக வனைந்து, மேல்தோலைச் சுரண்டிப் பார்த்தாள். கோடுகள் வந்தன. மெத்தை உறையில் இருக்கிற கோடுகள்! எந்த ஆறும் இத்தனை ஒழுங்காக ஒரு கல்லைச் செய்யாது.

அதே பட்டறையில், அதே பலகையில்தான் அவள் ஓரகத்தியான சின்னவளும் செம்மண் பிசைந்து பூந்தொட்டி செய்தாள். வெள்ளை மண்ணில் செம்மண் ஒரு பொட்டு ஒட்டினாலும் போச்சு. அதனால் சின்னவள் எழுந்து போன மறுநிமிடமே மூத்தவள் பித்தளைக் கம்பி பிரஷ்ஷை எடுத்துப் பலகையைத் தேய்ப்பாள்.

"துடைச்சிட்டேன் அக்கா."

"நீ துடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

ஒருநாள் சூளையைத் திறந்தபோது மூத்தவளே அசந்துபோனாள். சாம்பல் நிறத்தின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சையும் கறுப்புமாய்ப் புள்ளிகள். பாசி பிடித்த கல்லைத் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது கிண்ணம். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி ஒரு வரிசை செஞ்சு குடுங்க. உங்க பேரைப் போட்டு கடை முகப்புல வைக்கிறேன்."

"செஞ்சிடலாம்" என்று சிரித்தாள். ஆனால் அவள் கலந்த மண்ணில் பச்சை ஏது?

"என் மண்ணுல நீ ஏதாவது போட்டியா?"

"இல்லக்கா. நான் எதுக்குப் போடப் போறேன்?"

இவ்வளவு சாதுவாகப் பதில் சொல்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டினாள். நாளைக்குப் பெயர் வந்ததும் பாதி என்னுடையது என்று வந்து நிற்பாள். சின்னவளின் மண் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தாள், தண்ணீர் வாளியை முகர்ந்து பார்த்தாள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் அவள் நகக்கண்ணைப் பார்த்தாள்.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்றார் கணவர்.

கடைசியில் சின்னவளைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டுப் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். செம்மண் இல்லாததால் தேய்க்கிற வேலையும் மிச்சம். அடுத்த சூளையில் ஒரு புள்ளிகூட இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"கூட இருந்தே குழி பறிச்சிருக்கியே!" என்று குடும்பமே பார்க்கக் கத்தினாள்.

சின்னவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொருவராக நகர்ந்துகொண்டார்கள். "நான் போடலக்கா" என்றாள். அந்த வாரமே அடுத்த தெருவில் ஓர் அறை பிடித்துத் தன் மண்ணோடு போய்விட்டாள்.

மூத்தவள் சாம்பலைக் கலந்தாள், செங்கல் தூளைக் கலந்தாள், துருவைக் கலந்தாள். வேர்க்குரு மாதிரி என்னவோ வந்தது. கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். அலமாரியில், சின்னவள் இருந்த நாளில் வனைந்த சுடாத கிண்ணம் ஒன்று கிடந்தது. அதைச் சுரண்டும்போது விரலில் சுருக்கென்று குத்தியது. பிடுங்கினால், முடியளவு மஞ்சள் கம்பி. இன்னும் சுரண்டினாள். இன்னொன்று.

ஆணியில் தொங்கிய பிரஷ்ஷைத் திரும்பிப் பார்த்தாள். பாதி வழுக்கை. அந்தப் பித்தளைதான் சூளையில் பச்சையாகியிருக்கிறது. தேய்த்துத் தேய்த்து மண்ணில் சேர்த்தது அவளேதான். அவமானத்தில் முகம் எரிந்தது.

கிண்ணத்தோடும் கம்பியோடும் அடுத்த தெருவுக்கு ஓடினாள். சின்னவள் மண் பிசைந்துகொண்டிருந்தாள். மூத்தவள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான். திரும்பி வந்துடு."

சின்னவள் கம்பியை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கம்பி சொன்னதும் நம்பிட்டீங்க. நான் ரெண்டு தடவை சொன்னேனே அக்கா."

மூத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் தொட்டி நாலஞ்சு இன்னும் அங்கயே இருக்கு. நானே பத்திரமா கொண்டு வந்து தரேன்."

"வேண்டாம்க்கா, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள் சின்னவள். "நீங்க கொண்டு வந்து, அதுல ஒண்ணு உடைஞ்சிருந்தா, எனக்கு உங்க மேல சந்தேகம் வரும். அந்தப் பழக்கம் எனக்கு வேண்டாம்."