ஜீன்ஸ் துணியில் தோவா

படம் லிஃப்டுக்குள் நுழையவில்லை. குறுக்கே சாய்த்தாள், தூக்கிப் பிடித்தாள், ம்ஹூம். குயென் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். மாலையில் திறக்கவேண்டிய கண்காட்சியின் சுவரிலிருந்து, யாரையும் கேட்காமல் கழற்றி வந்தது. விடியற்காலையில் அம்மா தோவா இறந்துபோயிருந்தாள். குயெனுக்கோ அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் பரபரத்தது.

வீட்டில் அம்மாவின் தோழிகள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, முன்னோர் மாடத்தில் சோறும் அவித்த முட்டையும் வைத்திருந்தார்கள். அங்கே வைக்க அம்மாவின் படம்தான் இல்லை. தோவாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாகக் கிழக்கு பெர்லினுக்கு வந்தபோது எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் மிச்சம்.

"ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லிட்டேன். இதையே பெருசாக்கி, கழுத்துக்குக் கீழ ஒரு பட்டு அங்கிய ஒட்டித் தருவான்," என்றாள் லோவான் பெரியம்மா. அம்மாவோடு ஒரே விமானத்தில் வந்து, ஒரே விடுதி அறையில் கிடந்தவள்.

"வேணாம் பெரியம்மா. இத வைக்கலாம்." குயென் தான் கொண்டுவந்ததை மூடியிருந்த போர்வையை விலக்கினாள்.

பழைய ஜீன்ஸைத் துண்டு துண்டாக வெட்டி அவளே தைத்த அம்மாவின் முகம். வெளுத்த முழங்கால் துணி கன்னமாகியிருந்தது. ஆலை வேலை முடிந்து, விடுதியில் இந்தப் பெண்கள் ஜீன்ஸ் தைத்து விற்ற காசில்தான் ஊரில் குடும்பங்கள் நிமிர்ந்தன.

"ஐயய்யோ! முன்னோர் மாடத்துல கால்சட்டைத் துணியா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அதத் தச்சுத்தானே முன்னோருக்கு மாடி வீடு கட்டினீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குயென் படத்தை மாடத்தில் ஏற்றிவிட்டாள். துணிச்சலெல்லாம் வாயில்தான். அம்மா இன்று மாலைதான் இதை முதன்முதலாகப் பார்ப்பதாக இருந்தது. இது அம்மாதானா என்று சொல்ல இனி இவர்களை விட்டால் ஆளில்லை.

பெரியம்மா விறுவிறுவென்று வந்தாள். இறக்கிவிடுவதற்காகச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி முறைக்கிற?"

"நான் முறைக்கல பெரியம்மா," என்றாள் குயென்.

பெரியம்மா அவளைப் பார்க்கவேயில்லை. "அந்தச் செவப்பு நூல்கண்ட நான் எடுக்கலன்னு முப்பது வருஷமா சொல்றேன். செத்த பிறகும் இதே பார்வையா? என்ன விட்டுட்டுப் போனியே, ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

குயெனுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. சாவு வீட்டில் குதிக்க முடியுமா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மா சட்டத்தை விட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சண்டை இன்னும் முடியவில்லை.