சாலட்டுக்கு யாரும் கைதட்டியதில்லை

1.

இந்தக் கதை என் மனைவி எல்விராவின் ஆய்வேட்டிலிருந்து திருடியது. மூன்றாம் அத்தியாயத்தை மட்டும்தான் எடுத்தேன். அதில் இருப்பது நான்தான் என்பதால், சொந்தப் பொருளை எடுத்துக்கொண்ட மாதிரிதான். ‘தகவலாளர்: ஆண், ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர், தொப்பை உண்டு.’ தொப்பை எதற்கு என்று கேட்டேன். மானிடவியலுக்கு எல்லாம் வேண்டுமாம்.

பேத்தி கல்லூரிக்குப் போகிற வயதில் இவள் ரொசாரியோ பல்கலைக்கழகத்தில் பாலினவியல் முதுகலை படிக்கிறாள். அது ஒரு துறைக்குள் அடங்குகிற படிப்பு இல்லை. திங்கள் மானிடவியல், செவ்வாய் பொருளியல், புதன் சட்டம். வியாழன் மூன்றையும் என் மேல் பிரயோகிப்பாள்.

2.

தொடக்கம் ஒன்று: ‘பரானா ஆற்றின் மேல் மூடுபனி கவிந்திருந்த அந்த...’ (வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

தொடக்கம் இரண்டு: ‘அர்ஜென்டினாவிலேயே இறைச்சி சுடுவதில் எனக்கு நிகர்...’ (தோளுக்குப் பின்னாலிருந்து எல்விரா: “ஆதாரம் எங்க, கிழவா?”)

சரி, நேராகவே சொல்கிறேன். ஞாயிறுதோறும் எங்கள் கொல்லையில் அசாதோ என்கிற இறைச்சி விருந்து. தணலில் மாட்டு விலாவைச் சுடுவது நான். மற்ற எல்லாம் எல்விரா. எல்லோரும் உட்கார்ந்ததும் யாராவது சுட்டவருக்கு ஒரு கைதட்டு கேட்பார்கள். மேசையே தட்டும். நான் எழுந்து குனிந்து ஏற்றுக்கொள்வேன். நாடு முழுக்க இப்படித்தான். சாலட்டுக்கு எவரும் தட்டியதில்லை.

அந்தக் கைதட்டல் இறைச்சிக்கு இல்லை, ஆணுக்கு என்பது எல்விராவின் வாதம். பொருளியல் பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. இறைச்சி ருசியாக இருந்திருக்கலாமே, பிரித்துக் காட்டு, இல்லாவிட்டால் ஆய்வேடு தேறாது என்றுவிட்டாராம். (அந்த அம்மாளை எனக்கு உடனே பிடித்துப்போனது.)

3.

“வர்ற ஞாயிறு நான் சுடுறேன். நீ தக்காளி நறுக்கு” என்றாள் எல்விரா.

“அப்ப கைதட்டு உனக்கு வந்துருமே, ஒல்லி.”

“வந்தா என் வாதம் காலி. படிச்சதெல்லாம் காலி.”

“வரலைன்னா?”

அடுப்புக் கரியைக் கிளறினாள்.

“வரலைன்னா பாஸ். ஆனா வரணும்னும் ஆசையா இருக்கு, கிழவா.”

(கதையின் முடிச்சு இதுதான். இதை அவிழ்க்க எனக்குத் திறமை போதாது.)

4.

ஞாயிறு வந்தது. மூன்று துறைப் பேராசிரியர்களும் வந்தார்கள். நான் நாற்பது வெங்காயம் நறுக்கினேன். நான் விட்ட கண்ணீரில் பரானா ஒரு முழம் ஏறியது. (எல்விரா: இரண்டு வெங்காயம்.) அவள் தணல் முன்னால் நின்றாள். அவளுடைய தம்பி துல்யோ வந்ததும் வராததுமாக, “புருவத்தக் கருக்கிக்காத அக்கா” என்று வம்பிழுத்தான். அவள் இடுக்கியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். யார் சுடுகிறார்கள் என்பதை எல்லோரும் இரண்டு கண்ணாலும் பார்த்தார்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

விலா வந்தது. இதைச் சொல்ல எனக்கு எரிகிறது: என்னுடையதைவிட நன்றாக இருந்தது. துல்யோ முதல் கவளத்திலேயே கண்ணை மூடினான். கோப்பையைத் தூக்கினான்.

“சுட்டவருக்கு ஒரு கைதட்டு.”

மேசை முழுக்கத் திரும்பியது. என் பக்கம். கையில் சாலட் கீரையோடு நின்ற என்னைப் பார்த்துத் தட்டித் தீர்த்தார்கள். துல்யோ விசிலே அடித்தான். என் முதுகோ, எஜமானனைக் கேட்காமலே குனியத் தொடங்கியது.

5.

முடிவு அ: பாதியில் நிமிர்ந்து எல்விராவைக் காட்டுகிறேன். கைதட்டல் அவள் பக்கம் திரும்புகிறது. (எல்விரா: அதையும் நீதான் எடுத்துக் குடுக்கணுமா?)

முடிவு ஆ: முழுக்கக் குனிகிறேன். வாதம் ஜெயிக்கிறது, அவள் முதல் வகுப்பில் தேறுகிறாள். அதற்குப் பிறகு நான் எங்கே படுத்துக்கொள்வது என்பதைச் சட்டத் துறை...

இரண்டையும் அவளே அடித்துவிட்டாள். எனவே என்னை அப்படியே விட்டுவிடுகிறேன்: பாதி வளைந்த முதுகு, கீரையிலிருந்து சொட்டும் வினிகர். தணலுக்குப் பக்கத்தில் இடுக்கியோடு எல்விரா. கண்ணில் நீர், புகை என்கிறாள். அவள் பார்ப்பது என்னை இல்லை, மேசையை. பேராசிரியர்களின் கைகள் எழுதிக்கொண்டிருக்கின்றன. மற்ற கைகளெல்லாம் எனக்குத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கையில் இருப்பது இந்தப் பக்கம் மட்டும்தான். அதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, தணல் பக்கம் திரும்புங்களேன்.